எத்தியோப்பியாவில் லீவு எத்தனை நாள்? லெட்டரில் 2017 என்று போட்டிருக்கிறார்கள்

கேள்வி, 12 ஆகஸ்ட் 2024

எத்தியோப்பியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை கிடைச்சிருக்கு. தெற்குப் பக்கம். ஆஃபர் லெட்டரில் "மெஸ்கெரெம் 8, 2017-க்குள் சேரவும்" என்று இருக்கு. இப்போ 2024. ஏஜென்ட் ஏமாத்துறாரா? இன்னொரு விஷயம். அங்கே வேலை பார்த்துட்டு வந்த ஒரு சார், "வருஷத்தில் பாதி நாள் லீவுதான், சோம்பேறி ஊரு, ஜாலியா இருக்கலாம்" என்கிறார். உண்மையா?

12 ஆகஸ்ட் 2024, இரவு

லெட்டர் சரிதான் தம்பி. பயப்படாதீங்க. மெஸ்கெரெம் 8, 2017 என்றால் நமக்கு 2024 செப்டம்பர் 18. இயேசு பிறந்த வருஷத்தை அவங்க திருச்சபை வேற மாதிரி கணக்குப் போட்டது. அதனால் நம்மைவிட ஏழு, எட்டு வருஷம் பின்னாடி ஓடுது அவங்க காலண்டர். விமானத்தை விட்டு இறங்கினதும் ஏழு வயசு குறைஞ்சிடும். தலைமுடி மட்டும் திரும்பி வராது.

நான் 2010 அக்டோபரிலிருந்து 2016 ஜூலை வரைக்கும் வடக்கே கோந்தர் என்கிற ஊரில் இருந்தேன். அரசு விடுமுறை 15, 16 நாள் இருக்கும். பாதி வருஷம் லீவு என்று சொன்ன சாரைப் பற்றி நாளைக்கு எழுதுறேன். அவர் சொன்னதில் "பாதி வருஷம்" என்கிறது மட்டும் சரி.

13 ஆகஸ்ட் 2024, காலை

முதலில் காலண்டர். இது புரியாமல் லீவு புரியாது.

மாசத்துக்கு 30 நாள், அப்படி 12 மாசம். மிச்சம் இருக்கிற 5 நாளுக்குத் தனியா ஒரு மாசம், பேர் பாகுமே. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை அது 6 நாள். சுற்றுலாத் துறை இதையே "13 மாத வெயில்" என்று பல காலமா விளம்பரம் பண்ணிட்டு இருந்தது. மாசச் சம்பளக்காரருக்குப் பாகுமேக்குத் தனிச் சம்பளம் கிடையாது. எங்க துறையில் இருந்த உள்ளூர் நண்பர் ஒருத்தர் சொல்வார்: வெயில் 13 மாசம், சம்பளம் 12 மாசம்.

அடுத்தது மணி. விடிஞ்சதிலிருந்துதான் எண்ணுவாங்க. நம்ம காலை 7 அவங்களுக்கு 1. நம்ம பகல் 12 அவங்களுக்கு 6. எனக்கு இது தெரியாமல், பாஹிர் தார் போகிற மினிபஸ் "12 மணிக்கு" என்று சொன்னதை நம்பி, குளிச்சு முழுகி, சாப்பிட்டு, உச்சி வெயிலில் போய் நின்னேன். வண்டி விடிகாலை 6-க்கே போயிருந்தது. அன்னிக்குச் சிரிச்ச டிக்கெட் பையன் அப்புறம் ஆறு வருஷமும் என்னைப் பார்த்தால் சிரிச்சான்.

ஆனால் யோசிச்சுப் பாருங்க, நம்ம நாழிகைக் கணக்கும் சூரிய உதயத்திலிருந்துதானே? பஞ்சாங்கத்தில் "உதயாதி நாழிகை" என்று போட்டிருக்கும். எங்க தாத்தா அங்கே போயிருந்தால் பஸ்ஸைத் தவறவிட்டிருக்க மாட்டார்.

13 ஆகஸ்ட் 2024, மதியம்

நேற்று 15, 16 என்று எழுதினது தப்பு. உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். நான் இருந்த காலத்தில் 13.

புத்தாண்டு, மெஸ்கெல் என்கிற சிலுவை விழா, கெனா என்கிற கிறிஸ்துமஸ், திம்கெத் என்கிற இயேசு ஞானஸ்நான விழா, ஆத்வா வெற்றி நாள், ஸிக்லெத் என்கிற பெரிய வெள்ளி, ஃபாஸிகா என்கிற ஈஸ்டர், மே தினம், மே 5 தேசபக்தர் நாள், மே 28 தெர்க் என்கிற ராணுவ ஆட்சி விழுந்த நாள், அப்புறம் இரண்டு பெருநாள், நபி பிறந்த நாள். முடிஞ்சது. இதில் ஃபாஸிகா எப்பவும் ஞாயிற்றுக்கிழமைதான், அதனால் கையில் நிற்கிறது 12.

தமிழ்நாடு அரசு வருஷா வருஷம் வெளியிடுகிற பட்டியலை எடுத்துப் பாருங்க, 20-க்கு மேல் இருக்கும். நாம போய் அவங்களைச் சோம்பேறி என்கிறோம்.

2016-ல் இன்னொரு கூத்து. ஃபாஸிகாவும் மே தினமும் ஒரே நாளில் வந்தது, அதுவும் ஞாயிறு. காலண்டரைப் பார்த்த நம்ம ஊர் ஆசிரியர்கள் முகத்தில் ஈயாடலை. 2013-ல் தேசபக்தர் நாளும் ஃபாஸிகாவும் அப்படித்தான் மோதிக்கிட்டது.

17 ஆகஸ்ட் 2024

"குடும்பத்தோட போகலாமா, குழந்தைக்கு அங்கே தீபாவளி, பொங்கல் ஒண்ணுமே இருக்காதே" என்று கேட்டிருக்கீங்க. இருக்காதுதான். ஆனால் நீங்க போய் இறங்குகிற வாரத்துக்கு முந்தின வாரமே அவங்க புத்தாண்டு. மெஸ்கெரெம் 1, அதாவது செப்டம்பர் 11. பேர் எங்குத்தாத்தாஷ். ஷீபா ராணி ஜெருசலேமிலிருந்து திரும்பினப்போ அவளுக்கு நகை கொடுத்து வரவேற்றாங்களாம், அதிலிருந்து வந்த பேர் என்று கதை சொல்வாங்க.

ஜூன் பிடிச்சு மூணு மாசம் மழை. கோந்தரில் சூரியனைப் பார்க்க முடியாது, துணி காயாது, செருப்பில் ஒட்டின சேறு வீட்டுக்குள்ளேயே குடித்தனம் பண்ணும். செப்டம்பர் பிறந்ததும் யாரோ சுவிட்ச் போட்ட மாதிரி மலைச்சரிவு முழுக்க மஞ்சள். அதேய் அபெபா என்று ஒரு பூ, வருஷத்தில் இந்தச் சில வாரம்தான் பூக்கும். என் வீட்டுக்காரம்மா ஈரோடு பக்கம். முதல் தடவை பார்த்தப்போ, "ஆவாரம்பூ மாதிரியே இருக்குங்க, காப்புக் கட்டலாமா?" என்றாள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஆவாரம்பூ இல்லை, வேற ஜாதி. ஆனால் வேலை அதே வேலைதான்.

புத்தாண்டு காலையில் சின்னப் பெண் பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் கூட்டம் கூட்டமா வீடு வீடா வருவாங்க. ஒருத்தி பாட, மத்தவங்க கைதட்டிக்கிட்டு "லெம்லெம்" என்று திருப்பிச் சொல்வாங்க. பசுமை என்று அர்த்தம். கையில் பூங்கொத்து. பையன்களுக்குப் பாட்டு கிடையாது. சூரியன், பூ, தேவதூதன் என்று கலர் பென்சிலில் வரைஞ்ச தாளைக் கொண்டுவந்து கொடுப்பாங்க. இரண்டு கூட்டத்துக்கும் காசு கொடுக்கணும். சில்லறை மாத்தி வெச்சுக்கோங்க. முதல் வருஷம் எங்கிட்ட அவங்க பணத்தில் 100 பிர் நோட்டு ஒண்ணுதான் இருந்தது. அது போனதுமில்லாமல் சேதி தெரு முழுக்கப் பரவிச்சு.

என் மகளுக்கு அப்போ ஆறு வயசு. இரண்டாவது வருஷம் அவளும் அந்தக் கூட்டத்தோட கிளம்பிட்டாள். சாயங்காலம் ஒரு பை நிறையச் சில்லறையோட வந்தாள்.

17 ஆகஸ்ட் 2024, பின்னால் சேர்த்தது

வாழ்த்து சொல்ல ஒரு வரி கத்துக்கோங்க: "எங்குவான் அதெரெஸாச்சிஹு". நாம "புத்தாண்டு வாழ்த்துகள்" என்போம். அவங்க சொல்றதுக்கு, "உங்களை இந்த நாள் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்ததே, அதுவே பாக்கியம்" என்கிற மாதிரி அர்த்தம். பதிலுக்கு, "நம்ம எல்லாரையும் சேர்த்தே கொண்டுவந்து சேர்த்ததே" என்று சொல்லணும். இதுவே எல்லாப் பண்டிகைக்கும் செல்லும். ஒண்ணு மனப்பாடம் பண்ணினால் வருஷம் முழுக்க ஓட்டலாம்.

19 ஆகஸ்ட் 2024

இன்னைக்கு அங்கே புஹே என்கிற பண்டிகை. அரசு விடுமுறை இல்லை. பையன்கள் சாட்டையைச் சுழற்றிப் படார் படார் என்று சொடுக்கிக்கிட்டு, வீட்டு வாசலில் கம்பால் தரையை இடிச்சுப் பாடுவாங்க. முல்முல் என்கிற சின்ன ரொட்டி கொடுக்கணும். ராத்திரி தீப்பந்தம். எதேச்சையா ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

24 ஆகஸ்ட் 2024

"பாதி வருஷம்" விஷயத்துக்கு வரேன்.

பாதி வருஷம் லீவு இல்லை தம்பி, பாதி வருஷம் விரதம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக் கணக்குப்படி ஒரு சாதாரணக் குடும்பஸ்தருக்கே வருஷத்தில் ஏறக்குறைய 180 நாள் ட்சோம், அதாவது விரதம். சாமியார்களுக்கு இன்னும் கூட. புதன், வெள்ளி எப்பவும். ஃபாஸிகாவுக்கு முன்னாடி 55 நாள் தொடர்ச்சியா. கெனாவுக்கு முன்னாடி ஒரு நீளம், ஆகஸ்டில் மாதாவுக்கு ஒண்ணு. இறைச்சி, முட்டை, பால், தயிர், வெண்ணெய் எதுவும் கிடையாது. கண்டிப்பா இருக்கிறவங்க மதியம் 3 மணி வரைக்கும் தண்ணிகூடத் தொட மாட்டாங்க. புரட்டாசிச் சனிக்கிழமைக்கே நாம என்ன அலட்டு அலட்டுறோம்!

அந்தச் சார் பார்த்தது என்னவா இருக்கும் என்றால், மத்தியானம் 2 மணிக்கு அலுவலகத்தில் ஆட்கள் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறதை. காலையிலிருந்து பட்டினி. அவர் அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கிட்டார்.

இதில் நான் ஒழுங்கு என்று சொல்லலை. முதல் இரண்டு வருஷம் நானும் இதே பேச்சுதான். நம்ம ஊர் ஆசிரியர்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டிலாவது கூடுவோம். சாம்பார், ரசம், பேச்சு. பேச்சில் பாதி இதுதான்: "இவங்களுக்கு இன்னைக்கு என்ன பண்டிகையோ?" ஒரு தடவை நான் வெச்ச தேர்வுக்கு ஒரு பிள்ளையும் வரலை. கத்தித் தீர்த்தேன். அது தனிக்கதை, அப்புறம் சொல்றேன்.

பண்டிகை போதாதென்று மாசா மாசம் புனிதர் நாள் வேறே இருக்கு. 12 மிக்கேல், 19 கபிரியேல், 21 மரியாள், 23 ஜார்ஜ், 27 உலக ரட்சகர். இப்படிப் பல. ஒவ்வொரு மாசமும் அதே தேதி. அன்னிக்கு விவசாயி ஏர் பூட்ட மாட்டான், அறுக்க மாட்டான். ஆனால் வேலி கட்டுவான், சந்தைக்குப் போவான், வழக்குப் பேசித் தீர்ப்பான், நோயாளியைப் பார்த்துட்டு வருவான். நம்ம கிராமத்தில் அமாவாசைக்கு ஏர் கட்டாமல் இருப்பாங்களே, அந்த மாதிரி. எந்த வேலையை நிறுத்துறது, எதைச் செய்யலாம் என்று அவங்களுக்கு ஒரு கணக்கு இருக்கு. வெளியாளுக்கு எல்லாம் "லீவு" என்று ஒரே சொல்லாத் தெரியும்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 21 முக்கியம். அவங்க பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு மஹ்பெர் வெச்சிருந்தாங்க. மாசம் ஒருத்தர் வீட்டில் கூடி, ரொட்டி வெட்டி, தெல்லா என்கிற வீட்டு பீர் குடிச்சு, மரியாளைக் கும்பிட்டு, ஊர்க்கதை பேசி, யாருக்காவது கஷ்டம் என்றால் காசு திரட்டுவாங்க. சீட்டுக் குழு, பஜனை மடம், மாதர் சங்கம் மூணும் ஒண்ணாச் சேர்ந்த மாதிரி.

25 ஆகஸ்ட் 2024

சைவச் சாப்பாடு பற்றிக் கேட்டிருந்தவருக்கு: விரத நாளே உங்களுக்கு விருந்து நாள். எந்தக் கடையிலும் "யெ ட்சோம்" என்று கேளுங்க. இஞ்செரா மேல் பருப்பு, கடலைமாவு ஷிரோ, பீட்ரூட், கீரை, முட்டைக்கோஸ் என்று ஏழெட்டு வகை வட்டமா வெச்சுக் கொண்டுவருவாங்க. பேர் பெயாய்நெத்து. நம்ம மீல்ஸ்தான், சாதத்துக்குப் பதில் புளிச்ச தோசை. விரதம் இல்லாத நாளில் இதே தட்டைக் கேட்டால் "இல்லை" என்று வந்துவிடும்.

2 செப்டம்பர் 2024

விசா, பணம் எல்லாம் தனி இழையில் கேளுங்க. ஆனால் ஒண்ணு இங்கேயே சொல்லிடறேன், காலண்டர் விஷயம் என்பதால்.

திரும்பி வந்ததும் ஒரு கல்லூரியில் வேலைக்கு விண்ணப்பிச்சேன். அனுபவச் சான்றிதழில் "2003 முதல் 2008 வரை பணிபுரிந்தார்" என்று இருந்தது. அவங்க தேதி அது, நமக்கு 2010 முதல் 2016. ஆனால் நம்ம 2003-லிருந்து 2008 வரைக்கும் நான் இங்கே வேற ஒரு கல்லூரியில் வேலை பார்த்த சான்றிதழும் அதே கோப்பில் இருக்கு! நேர்காணலில் இருந்த பெரியவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "ஒரே நேரத்தில் இரண்டு கண்டத்தில் சம்பளமா?" என்றார். பாகுமே பற்றி விளக்க ஆரம்பிச்சேன். 13 மாசம் என்றதும் அவர் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போச்சு. வேலை கிடைக்கலை.

சேர்கிற அன்னிக்கே மனிதவளப் பிரிவில் இரண்டு தேதியும் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்க. கடைசி நாளில் கேட்டால் கையெழுத்துப் போடறவர் மஹ்பெருக்குப் போயிருப்பார்.

28 செப்டம்பர் 2024

தம்பி போய்ச் சேர்ந்துட்டார். "வந்து பத்து நாள்கூட ஆகலை, அதுக்குள்ளே லீவு, ஊரெல்லாம் புகை" என்று எழுதியிருக்கார். மெஸ்கெல் தம்பி, அது.

சிலுவை கண்டெடுத்த விழா. எலேனி அரசி சிலுவை எங்கே புதைஞ்சிருக்கு என்று தெரியாமல் தீ மூட்டினாளாம். புகை மேலே போய், திரும்பி வளைஞ்சு, சிலுவை இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டிச்சாம். அதனால் முதல் நாள் சாயங்காலம் நீளக் கழிகளைக் கூம்பா நட்டு, உச்சியில் அந்த மஞ்சள் பூவைக் கட்டி, குருமார்கள் சுற்றிவந்து, தீ வைப்பாங்க. பேர் தெமெரா. அடிஸ் அபாபாவில் இதுக்கென்றே மெஸ்கெல் சதுக்கம் என்று பெரிய மைதானம் இருக்கு. 2013-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த விழா.

முதல் தடவை பார்த்தப்போ எனக்குப் புல்லரிச்சிடுச்சு. சிவகாசிப் பக்கம் எங்க ஊர் கோயில் வாசலில் திருக்கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்துவாங்க. அதே கூம்பு, அதே சடசட, அதே மாதிரி கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிற்கிறது. நடுக்கம்பு எந்தத் திசையில் சாயுது என்று இங்கே பார்த்துக் குறி சொல்வாங்க. மறுநாள் சாம்பலை எடுத்து நெற்றியில் சிலுவை போட்டுக்குவாங்க. எங்க ஊரில் சொக்கப்பனைச் சாம்பலை வயலுக்குக் கொண்டுபோய்ப் போடுவோம். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சொல்ல வரலை. மழைக்காலத்தை ஒட்டித் தீ வைக்கணும் என்று மனுஷனுக்கு எங்கே இருந்தாலும் தோணும் போலிருக்கு.

குராகே இனத்தாருக்கு மெஸ்கெல்தான் தீபாவளி. அடிஸ் அபாபாவில் கடை வெச்சிருக்கிற குராகேக்காரர்கள் எல்லாரும் ஊருக்குக் கிளம்பிடுவாங்க. பஸ் கிடைக்காது. கோயம்பேட்டைக் கண் முன்னாடி கொண்டுவந்து பாருங்க. ஊரில் அவங்களுக்காகக் கொழுத்த மாடும், வெண்ணெயில் பிசைஞ்ச கித்ஃபோ என்கிற கொத்துக்கறியும் காத்திருக்கும்.

29 செப்டம்பர் 2024

ஒருத்தர் திருத்தம் போட்டிருக்கார்: "மெஸ்கெல் 27-ஆ, 28-ஆ?" இரண்டும்தான். மெஸ்கெரெம் 17 என்கிறது மாறாது. நம்ம காலண்டரில் இந்த வருஷம் 27. ஆனால் பாகுமேக்கு 6 நாள் வருகிற வருஷம் முடிஞ்சதும் புத்தாண்டு செப்டம்பர் 12-க்குத் தள்ளிப்போகும், மெஸ்கெல் 28, திம்கெத் ஜனவரி 20. நம்ம பிப்ரவரி 29 வந்து அதைத் திரும்ப இழுத்துவிடும். 2011, 2015, 2023 எல்லாம் அப்படித்தான். ஆகஸ்டில் புத்தாண்டு "செப்டம்பர் 11" என்று மொட்டையா எழுதிட்டேன், தப்பு என்னுடையது.

இந்த ஒரு நாள் விஷயத்தில் நான் பட்டது ஜனவரியில் சொல்றேன்.

6 அக்டோபர் 2024

தம்பி கேட்கிறார், "எங்க ஊரில் பாதிப் பேர் விரதமே இருக்கலை, நீங்க சொன்னது பொய்யா?"

பொய் இல்லை, அரைகுறை. நான் சொன்னதெல்லாம் கோந்தரில் நின்னு பார்த்தது. வடக்கு. அங்கே ஆர்த்தடாக்ஸ் திருச்சபை கோட்டை. தெற்கே புராட்டஸ்டண்டுகள் நிறைய, அவங்களுக்கு இந்த 180 நாள் கணக்கு கிடையாது. முஸ்லிம்கள் நாட்டில் மூணில் ஒரு பங்கு. சிடாமா மக்களுக்குத் தனிப் புத்தாண்டே உண்டு, பேர் ஃபிச்சே சம்பலாலா. அவங்க பெரியவங்க நட்சத்திரம் பார்த்து நாள் குறிப்பாங்க. அதுவும் 2015-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறினது. ஓரோமோ மக்கள் மெஸ்கெல் முடிஞ்சு வருகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை பிஷோஃப்து ஏரிக்கரையில் இரேச்சா கொண்டாடுவாங்க. பச்சைப் புல்லைத் தண்ணியில் நனைச்சு நன்றி சொல்வாங்க. நான் போனதில்லை. ஒரு ஊரில் ஆறு வருஷம் இருந்துட்டு நாட்டையே தெரிஞ்ச மாதிரி பேசுற வியாதி எனக்கும் இருக்கு.

8 ஜனவரி 2025

நேற்று கெனா. கிறிஸ்துமஸ். பாகுமே ஆறு நாள் ஆகிற வருஷத்துக்கு அடுத்த வருஷம் இது மட்டும் அவங்க காலண்டரில் ஒரு நாள் முன்னாடி வந்து, ஜனவரி 7-லேயே நிற்கும். மத்ததெல்லாம் நகரும், இது நகராது. ஏன் என்று கேட்டு ஒரு குருவானவரிடம் ஒரு மணி நேரம் மாட்டிக்கிட்டேன்.

கெனா என்கிறது ஒரு விளையாட்டின் பேரும்கூட. வளைஞ்ச கம்பு, மரப்பந்து, ஹாக்கி மாதிரி. ஆடு மேய்க்கிறவங்க இயேசு பிறந்த சேதி கேட்டுச் சந்தோஷத்தில் கோலால் ஆடினாங்களாம். அன்னிக்கு எசமானும் வேலைக்காரனும் சேர்ந்து ஆடலாம், எசமான் காலில் அடிபட்டால் கோபிக்கக் கூடாது என்று ஒரு பழைய மரபு. எங்க துறைத்தலைவர் ஆட வரலை.

20 ஜனவரி 2025

சொல்றேன் என்று பாக்கி வெச்ச கதை. நேற்று திம்கெத்.

ஒவ்வொரு கோயிலுக்குள்ளேயும் தாபோத் என்று ஒரு பலகை இருக்கும். மோசேயின் கற்பலகைப் பேழையின் வடிவம். அது இருந்தால்தான் அது கோயில், சாதாரண ஜனங்கள் கண்ணில் படக் கூடாது. வருஷத்தில் திம்கெத்துக்குப் பட்டுத்துணி சுற்றி, குருவானவர் தலையில் தூக்கி வெச்சு, வண்ணக் குடை பிடிச்சு, தண்ணி இருக்கிற இடத்துக்கு ஊர்வலமா வரும். நம்ம உற்சவர் தீர்த்தவாரிக்குக் கிளம்புகிற மாதிரி என்று சொன்னால் நமக்குச் சட்டென்று புரியும். ஒரே வித்தியாசம், இங்கே சாமி முகத்தைக் காட்டாது.

முந்தின நாள் கெத்தெரா. கோந்தரில் எல்லாரும் போகிற இடம் ஃபாஸிலிதெஸ் குளம். 17-ஆம் நூற்றாண்டு மன்னர் அவர், கோந்தரைத் தலைநகரா ஆக்கினவர். கல் சுவரை மரவேர்கள் பிடிச்சுத் தொங்கும். மத்த நாளில் குளம் காஞ்சு கிடக்கும். விழாவுக்குன்னு கேஹா ஆற்றிலிருந்து வாய்க்காலில் தண்ணி விட்டு நிரப்புவாங்க. ராத்திரி முழுக்கப் பாட்டு, முரசு. விடிகாலைக் குளிரில் குருமார் தண்ணியை ஆசீர்வதிச்ச மறு நிமிஷம் இளவட்டங்கள் சுவரிலிருந்து தொப்பு தொப்பென்று குதிப்பாங்க. பையன் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடிச்ச பெண் மேல் எறியறதும் இந்த நாளில்தான். அவள் எடுத்து வெச்சுக்கிட்டால் பாதிக் கல்யாணம் முடிஞ்ச மாதிரி.

இப்போ என் கதை. 2011-ல் முதல் திம்கெத் பார்த்தேன், ஜனவரி 19. டைரியில் குறிச்சேன். 2012-ல் "19 வியாழன் லீவு, 20 வெள்ளி காலை தேர்வு" என்று பலகையில் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் பார்த்தாங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை, பெரியவங்களை மறுத்துப் பேசக் கூடாது என்று வளர்ந்த பிள்ளைகள். வெள்ளிக்கிழமை கேள்வித்தாளோட போய் நின்னேன். காலி மண்டபம். காவல்காரர்கூட இல்லை. ஒரு மணி நேரம் நின்னேன். கேள்வித்தாள் கட்டை மேசையில் அடிச்சு வெச்சுட்டு, நம்மாட்கள் வாட்ஸப் இல்லாத காலம் அது, ஒவ்வொருத்தருக்காப் போன் போட்டு, "இது உருப்படுமா இந்த ஊர்?" என்று கத்தினேன். எதிர்முனையில் ஒரே பாட்டும் முரசும். ஒரு நண்பர்தான், "சார், இன்னைக்குத்தான் திம்கெத். நான் குளத்துக்கிட்ட நிக்கிறேன்" என்றார்.

அந்த வருஷம் 20. அதுக்கு முந்தின செப்டம்பரில் பாகுமே ஆறு நாள்.

ஆகஸ்டில் "ஒரு பிள்ளையும் வரலை" என்று மட்டும் எழுதினேன். கூச்சம்.

திங்கட்கிழமை வகுப்பில் முன்வரிசைப் பெண் ஒருத்தி மட்டும் எழுந்து, "சார், திம்கெத்துக்கு மறுநாளும் மிக்கேல் தாபோத் கோயிலுக்குத் திரும்புற நாள், அன்னிக்கும் வெச்சுடாதீங்க" என்றாள். மத்தத் தாபோத் எல்லாம் திம்கெத் அன்னிக்கே கோயிலுக்குப் போயிடும், மிக்கேல் மட்டும் ஒரு நாள் கூடத் தங்கிட்டுப் போகும். பட்டியலில் இல்லாத லீவு. அதுக்கப்புறம் எந்தத் தேர்வு வெச்சாலும் முதலில் அவளைத்தான் கேட்பேன்.

3 மார்ச் 2025

நேற்று ஆத்வா. அவங்க காலண்டரில் யெகாத்தித் 23. 1896-ல் மெனிலிக் அரசரும் தாய்த்து அரசியும் இத்தாலியப் படையை ஓட ஓட விரட்டின நாள். கொண்டாட்டத்தில் கிழவர்கள் சிங்கப்பிடரி வெச்ச தொப்பி, ஈட்டி, தோல்கேடயத்தோட வருவாங்க. நம்ம சுதந்திர தினம் வெள்ளைக்காரன் போன நாள். அவங்க கொண்டாடுறது அவனை உள்ளேயே விடாத நாள். ஐந்து வருஷம், 1936 முதல் 41 வரைக்கும், முசோலினி படை உள்ளே இருந்ததே என்று கேட்டால், "அது குடியேற்றம் இல்லை, படையெடுப்பு" என்பாங்க. மே 5 அதுக்கான நாள். இந்த விஷயத்தில் வாய் கொடுக்காதீங்க தம்பி.

21 ஏப்ரல் 2025

நேற்று ஃபாஸிகா. இந்த வருஷம் நம்ம ஊர் ஈஸ்டரும் அதே நாள். இப்படிச் சேர்ந்து வருவது எப்பவாவதுதான்.

55 நாள் கறி, பால் எதுவும் தொடாத ஊரை நினைச்சுப் பாருங்க. கசாப்புக் கடைகள் பூட்டிக் கிடக்கும். கடைசி வாரம் பார்த்தால் தெருவில் ஆடும் கோழியும். மினிபஸ் மேலே ஆடு, தோளில் ஆடு. வெள்ளிக்கிழமை முழுக்கக் கோயிலில் விழுந்து விழுந்து எழுந்து கும்பிடுவாங்க. சனிக்கிழமை தலையில் பச்சைக் கோரையைக் கட்டிக்குவாங்க. ராத்திரி கோயிலில் வெள்ளைத் துணியும் மெழுகுவர்த்தியுமா நிற்பாங்க. நள்ளிரவுக்கு மேல் வீட்டுக்கு வந்து, டோரோ வொத் என்கிற கோழிக் குழம்பு.

அது செய்யறதைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் முழுசாப் பார்த்தேன். ஒரு கூடை வெங்காயம் பொடியா அரிஞ்சு, எண்ணெய் இல்லாமல், மணிக்கணக்கில் கிளறிக் கிளறிச் சுண்ட வைக்கணும். பெர்பெரே மசாலா, மூலிகை போட்டுக் காய்ச்சின வெண்ணெய். கோழியை 12 துண்டா வெட்டணும், 12 முட்டை போடணும், 12 சீடர்களுக்காக.

(திருத்தம்: எழுதினதை என் வீட்டுக்காரம்மா படிச்சுட்டு, "துண்டுதான் 12. முட்டை ஆளுக்கு ஒண்ணு" என்கிறாள். சமையல்கட்டில் நின்னது அவள், நான் வாசலில் நின்னேன். அவள் சொல்றதை எடுத்துக்கோங்க.)

மாட்டுக்கறிக்குக் கிர்ச்சா. தெருவில் பத்துப் பேர் காசு போட்டு ஒரு மாடு வாங்கி, அறுத்து, ஈரல், நெஞ்சு, தொடை எல்லாம் ஒவ்வொரு கூறிலும் சமமா வருகிற மாதிரி இலை மேல் கூறு போட்டு, சீட்டு எடுப்பாங்க. எங்க ஊரில் பொங்கல் மறுநாள் பங்குக்கறி போடறதுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது, சண்டை உள்பட. ஒரு சங்கதி: கிறிஸ்தவர் அறுத்ததை முஸ்லிம் சாப்பிட மாட்டார், முஸ்லிம் அறுத்ததைக் கிறிஸ்தவர் சாப்பிட மாட்டார். ஆனால் பண்டிகைக்கு ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடாமலும் இருக்க மாட்டாங்க. அதனால் வந்தவருக்கென்று தனி ஆடு, தனிப் பாத்திரம், அவங்க ஆளையே கூப்பிட்டு அறுத்து வெச்சிருப்பாங்க. நான் கேள்வி கேட்காமல் இரண்டு பக்கமும் சாப்பிட்டேன்.

என் வீட்டுக்காரம்மா சைவம். அந்த அம்மாவுக்கு அதுதான் ஆறு வருஷமும் புரியாத புதிர். ஃபாஸிகா அன்னிக்குத் தட்டை நீட்டுவாங்க, இவள் கையெடுத்துக் கும்பிட்டு மறுப்பாள். "உங்களுக்கு ட்சோம் இன்னும் முடியலையா?" என்பாங்க. "முடியலை" என்போம். அடுத்த ஃபாஸிகாவுக்கும் அதே கேள்வி. 2016 மே முதல் தேதி கேட்டப்போ அவங்க முகத்தில் உண்மையாவே கவலை. இந்த இந்தியப் பெண்ணை இத்தனை வருஷம் பட்டினி போடறது எந்தச் சாமியோ என்று. இரண்டு மாசம் கழிச்சு ஊரில் கலவரம் ஆரம்பிச்சது. நாங்க கிளம்பிட்டோம், சரியாச் சொல்லிக்கிட்டு வரக்கூட முடியலை.

நேற்று சாயங்காலம் போன் போட்டோம். அந்தப் பக்கம் நிலைமை சரியில்லை, லைன் லேசில் கிடைக்கிறதில்லை, நாலாவது தடவை கிடைச்சது. "எங்குவான் அதெரெஸாச்சிஹு" என்றேன். அவங்க பதில் சொல்லிட்டு, போனை என் வீட்டுக்காரம்மாகிட்டே கொடுக்கச் சொன்னாங்க. என்ன கேட்டாங்க என்று எனக்குக் காதில் விழலை. இவள் சிரிச்சுக்கிட்டே, "இன்னும் இல்லை" என்றாள்.